கை நடுங்கும் முன்னே

லண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். ஆறு பேரைப் பற்றிய குறிப்புகள்தான் அதற்கு ஆதாரம். அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள்கூட இல்லை. தெருவில் போகிறபோது கண்ணில் பட்டு அவர் விசாரித்தவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சும்மா இருக்கும்போதே நடுங்கும் கை, முன்னோக்கி வளைந்த உடல், நடையாகத் தொடங்கி அடக்கமுடியாத ஓட்டமாக மாறும் சிற்றடிகள் என்று கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் வியக்கத்தக்க நுட்பத்தோடு எழுதிவைத்தார். நடுக்குவாதம் என்று பெயரும் இட்டார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலோர் மனத்தில் இந்த நோய் அந்தத் தெருக்காட்சியாகவே தங்கிவிட்டது: வயதானவர், நடுங்கும் கை, அவ்வளவுதான். அந்தச் சித்திரம் பொய்யில்லை, ஆனால் அரைகுறையானது. நடுக்கம் இல்லாமலும் பார்க்கின்சன் நோய் வரும். நடுக்கம் இருந்தும் அது பார்க்கின்சனாக இல்லாமல் போகலாம். நடுக்கம் வெளியே தெரியும் நாளில் நோய்க்குப் பல வயது ஆகியிருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்நோயை எப்போது சந்தேகிப்பது, எப்போது மருந்து தொடங்குவது, மருந்துக்கு அப்பால் என்னவெல்லாம் செய்வது என்ற கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்கும்.

நோயின் மையத்தில் இருப்பது அசைவு மந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் சால்பெத்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். இந்த நோயாளிகளில் எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, தசைகள் செயலிழந்து போவதுமில்லை. ஆகவே நடுக்குவாதம் என்ற பெயர் பொருந்தாது, முதலில் விவரித்தவரின் பெயரையே வைக்கலாம் என்றவர் அவர்தான். இன்று நரம்பியல் மருத்துவர்கள் பின்பற்றும் 2015ஆம் ஆண்டு வரையறையும் அதே வழியில் செல்கிறது. அசைவு மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஓய்வுநிலை நடுக்கம் அல்லது தசை விறைப்பு, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வார்கள். நோய் உள்ள கையில் முதல் நாலைந்து தட்டுகள் ஒழுங்காகவே விழும். பிறகு விரல்களுக்கு இடையிலான அகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், வேகம் தளரும், நடுவே ஒரு கணம் விரல் நின்றுவிடும். எழுதும்போதும் இதேதான்: வரியின் தொடக்கத்தில் அளவாக இருந்த எழுத்து, முடிவில் எறும்பளவுக்குச் சுருங்கிவிடும். நடக்கும்போது ஒரு பக்கக் கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியிருக்கும். முகத்தில் பாவனை குறைந்து, கோபமாக இருக்கிறாரோ என்று வீட்டார் நினைப்பார்கள். தோள் விறைப்பும் வலியுமாகத் தொடங்கினால், தோள்பட்டை இறுக்கம் என்று மாதக்கணக்கில் அதற்கே வைத்தியம் நடப்பதும் உண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நோயாளிகளில் ஏறத்தாழ எழுபது சதவீதத்தினருக்கு நடுக்கம் இருக்கிறதே, அதையே முதல் அடையாளமாக வைத்துக்கொண்டால் என்ன தவறு? இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது என்பதே பதில். நடுக்கம் இல்லாத மீதிப்பேர் வயோதிகத்தின் கணக்கில் எழுதப்பட்டு, மருந்து கிடைக்காமல் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். மறுபக்கம், கை நடுங்குகிறவர்களில் மிகப் பலருக்கு இருப்பது வேறு நோய். குடும்பவழி வரும் இயல்புநடுக்கம் பார்க்கின்சனைவிடப் பரவலானது. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது இரண்டு கையும் நடுங்கினால், மடியில் கை வைத்திருக்கும்போது நடுக்கம் அடங்கினால், அது பெரும்பாலும் இந்த இயல்புநடுக்கம். பார்க்கின்சன் நடுக்கம் நேர்மாறானது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பக்கக் கையில், விநாடிக்கு 4 முதல் 6 முறை, விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல வரும். பொருளை எடுக்கக் கையை நீட்டினால் குறையும். மூன்றாவது வகையும் உண்டு, அது மருந்து தரும் நோய். தலைச்சுற்றலுக்குத் தரப்படும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் ஃபுளூனாரிசின், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைட், மனநோய்க்கான சில மாத்திரைகள் ஆகியவற்றை நெடுநாள் விழுங்கினால் முதியவர்களுக்கு அச்சு அசலாகப் பார்க்கின்சன் போன்ற நிலை வரக்கூடும். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்து, மருத்துவர் சொல்படி அந்த மாத்திரையை நிறுத்தினாலே பலருக்குச் சில மாதங்களில் குணம் தெரியும். நடுக்கத்தை மட்டும் பார்ப்பவர் இந்த மூன்று வகையையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்.

ஏன் அசைவு மந்தமாகிறது? நடுமூளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஆரோக்கியமான மூளையில் இரு பக்கமும் கரும்பட்டை ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பது அதன் பெயர். கருமைக்குக் காரணம் அங்குள்ள நரம்பு செல்களில் சேரும் ஒரு நிறமி. பார்க்கின்சன் நோயால் இறந்தவரின் மூளையில் அந்தப் பட்டை வெளுத்துப்போயிருக்கும். இந்த செல்கள்தாம் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் பகுதிக்கு அனுப்பி, எந்த அசைவை, எவ்வளவு விசையோடு தொடங்குவது என்பதை ஒழுங்குபடுத்துகின்றன. இதைக் கண்டுபிடித்த வரலாற்றில் இந்தியச் செடி ஒன்றுக்கும் பங்குண்டு. நம் மருத்துவத்தில் நெடுங்காலம் புழங்கிய சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை, ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்று முடங்கின. டோபமைனாக மாறக்கூடிய டோபாவை ஊசியில் செலுத்தியதும் சில நிமிடங்களில் எழுந்து நடமாடின. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1960இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகிவிச்சும் எரிங்கரும் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, ஸ்ட்ரையாட்டத்தில் டோபமைன் வெகுவாக வற்றிப்போயிருப்பதைக் காட்டினார்கள். மூளை நோய் ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளின் பற்றாக்குறை காரணம் என்று நிறுவிய முன்னோடி ஆய்வு அது.

அந்த வற்றல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. கிணற்றில் நீர்மட்டம் பாதிக்கு மேல் இறங்கிய பிறகும் வாளி நிறைந்தே மேலே வரும். அடிமண் தட்டும்போதுதான் வீட்டுக்குச் சேதி தெரியும். மூளையிலும் எஞ்சிய செல்கள் கூடுதலாக டோபமைனைச் சுரந்து குறையை ஈடுகட்டுகின்றன. ஸ்ட்ரையாட்டத்தில் டோபமைன் 60 முதல் 80 சதவீதம் வரை குறைந்த பிறகே அசைவுக் கோளாறு வெளியே தெரிவதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் நோய் என்ன செய்துகொண்டிருந்தது? ஜெர்மனியின் ஹைக்கோ பிராக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வரைபடம் தந்தது. நோயின் அடையாளமாகிய புரதத் திரள்கள் பலரது மூளையில் முதலில் மோப்பம் அறியும் பகுதியிலும், குடலோடு இணைந்த வேகஸ் நரம்பின் தொடக்கத்திலும் தோன்றி, பிறகே நடுமூளைக்கு ஏறுகின்றன என்பது அவர்கள் கருத்து. நோயாளிகளின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. தாளிப்பின் வாசனையும் மல்லிகையின் மணமும் தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், காரணமற்ற மனச்சோர்வு ஆகியவை கை நடுங்குவதற்கு ஐந்து, பத்து ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும். இன்னும் குறிப்பான அடையாளம் தூக்கத்தில் இருக்கிறது. கனவு காணும்போது நம் தசைகள் இயல்பாகவே செயலடங்கிக் கிடக்கும். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தவர்கள் கனவில் வரும் சண்டையை நிஜமாகவே போட்டு, கத்தி, கையை ஓங்கி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவார்கள்.

மலச்சிக்கல் இல்லாத முதியவர் யார், இதையெல்லாம் சொல்லி மக்களை வீணாகப் பயமுறுத்துவது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலச்சிக்கலோ மோப்பக் குறைவோ தனியாக வந்தால் அதைப் பார்க்கின்சன் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. அவற்றுக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. பிராக் சொன்ன வரிசையும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதில்லை. கனவை நடித்துக்காட்டும் தூக்கக் கோளாறு மட்டும் கனமான சான்று. சோதனைக்கூடத்தில் அது உறுதியானவர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பான்மையோருக்குப் பார்க்கின்சனோ அதன் உறவுக்கார நோயோ வந்திருக்கிறது. பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ஐம்பது, அறுபது வயதில் ஒருவருக்கு நடை மந்தமாகி, எழுத்தும் சிறுத்துவரும்போது, அவர் கனவில் கையை ஓங்குகிறாரா, வாசனை தெரிகிறதா என்று மருத்துவர் கேட்பதற்கும் வீட்டார் சொல்வதற்கும் இந்த அறிவு வேண்டும். தனித்தனியாக ஒன்றும் சொல்லாத அறிகுறிகள் சேர்ந்து நிற்கும்போது பேசுகின்றன.

காரணத்தைத் தேடிப்போனாலும் ஒற்றை வில்லன் அகப்படுவதில்லை. பலவீனமான ஓர் இடத்தில் பல அடிகள் விழுவதுதான் தெரிகிறது. பலவீனம் அந்தச் செல்களின் வடிவத்திலேயே இருக்கிறது. எலியின் மூளையில் இத்தகைய தனித்தனி செல்களின் இழையைக் கிளைகளோடு சேர்த்து முழுவதும் அளந்தபோது, சில செல்களில் அது அரை மீட்டரையும் தாண்டியது. அவ்வளவு பெரிய இழைக்காட்டுக்கு இரவும் பகலும் ஆற்றல் கொடுக்க, செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்டிரியா ஓயாமல் உழைக்க வேண்டும். அங்கே கைவைத்தால் என்ன ஆகும் என்பதை 1982இல் கலிஃபோர்னியாவில் நடந்த துயரம் காட்டியது. போலி ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களிலேயே முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்துபோனார்கள். அந்தப் போதைப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் மைட்டோகாண்டிரியாவை முடக்கி, டோபமைன் செல்களைக் கொன்றிருந்ததை வில்லியம் லாங்ஸ்டனும் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். இன்னொரு அடி, ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது. 1912இல் ஃபிரெட்ரிக் லூயி நுண்ணோக்கியில் கண்ட உருண்டைகள் இந்தப் புரதத்தால் ஆனவை என்பது 1997இல்தான் தெரிந்தது. இத்தாலிய வழிக் குடும்பம் ஒன்றில் இதே புரதத்தின் மரபணு மாறியிருப்பதும் அதே ஆண்டில் வெளிவந்தது. ஆனால் ஒற்றை மரபணுவால் மட்டும் நோய் வருபவர்கள் மிகச் சிலரே. நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்நோய் இருக்காது.

மரபணு இல்லையென்றால் வயதுதான் காரணம், வயதுக்கு என்ன செய்ய முடியும் என்று கைவிரிப்பவர்கள் உண்டு. வயது மிகப்பெரிய ஆபத்துக் காரணி என்பது உண்மை. ஆனால் உலகில் 1990இல் ஏறத்தாழ 25 லட்சமாக இருந்த நோயாளிகள் எண்ணிக்கை 2016இல் 61 லட்சமாகவும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 85 லட்சத்துக்கு மேலாகவும் உயர்ந்தது. முதுமை இந்த உயர்வில் பெரும்பகுதியை விளக்கும், முழுவதையும் விளக்காது. எம்.பி.டி.பி. உடலில் மாறி உருவாகும் நஞ்சின் வேதியமைப்பைப் பெரிதும் ஒத்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. மைட்டோகாண்டிரியாவில் அதே இடத்தைத் தாக்குவது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி. இவற்றைக் கையாண்டவர்களிடம் நோய் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூச்சிக்கொல்லியோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்வழி நோயாகப் பிரான்ஸ் 2012இல் அங்கீகரித்தது. இந்த நஞ்சுகளைக் கையாண்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லையே என்பது இவற்றை விடுவிக்கும் வாதமாகாது. புகைக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் வயலில் மருந்தடிக்கும் தொழிலாளியின் உடல்நலத்தை இந்த நோயின் கணக்கிலும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் இன்றும் முதலிடத்தில் இருப்பது லெவோடோபா. டோபமைனை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து அங்கே டோபமைனாக மாறும். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் டோபாவை வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடக்கவைத்தார். பிறகு கார்பிடோபா சேர்ந்தது. லெவோடோபா மூளைக்கு வெளியே வீணாக மாறுவதை அது தடுப்பதால் வேண்டிய அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது, குமட்டலும் தணிந்தது. இவ்வளவு நல்ல மருந்தைத்தான் நம்மில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மருந்துக்குச் சில வருட வேலைதான், சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலனிழந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கானா நாட்டு நோயாளிகளை இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு இந்த அச்சத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால் சராசரியாக நோயின் நாலாவது ஆண்டுக்குப் பிறகே தொடங்கினார்கள். இத்தாலியில் இரண்டரை ஆண்டுக்குள். ஆனாலும் மருந்தின் பலன் சீக்கிரம் தீர்வது, உடல் தானாக நெளிவது ஆகிய சிக்கல்கள் இரு நாட்டிலும் நோயின் ஏறத்தாழ அதே ஆண்டில்தான் வந்தன. காரணம் நோயின் வயதும் மருந்தின் அளவும். எத்தனை ஆண்டு விழுங்கினோம் என்பது இல்லை. நெதர்லாந்தில் 445 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையும், முன்னதாகத் தொடங்கியதால் நோய் முற்றவுமில்லை, தணியவுமில்லை என்று காட்டியது. ஆகவே வேலைக்கும் நடமாட்டத்துக்கும் தடை வந்த நாளே மருந்து தொடங்க வேண்டிய நாள். தள்ளிப்போடுபவர் எதையும் சேமிப்பதில்லை. நன்றாக வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளை இழக்கிறார்.

இரசாயன மாத்திரைக்குப் பதில் பூனைக்காலி விதை போதாதா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. அந்த விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. 1937இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அதனாலேயே அது மாத்திரைக்கு மாற்று வழியாகாது, அதே மருந்தின் அளவு தெரியாத வடிவம் என்று கொள்ள வேண்டும். கார்பிடோபா இல்லாததால் அதிகம் வேண்டியிருக்கும். விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்து மருத்துவருக்குத் தெரியாமல் எடுத்தால் நெளிவும் குழப்பமும் கூடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து, உயிருக்கே உலைவைக்கும். எடுக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பருப்பும் முட்டையும் பாலும் சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்கினால், அவற்றின் புரதக் கூறுகள் லெவோடோபாவோடு போட்டியிட்டு அதன் வழியை மறிக்கும்; அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு எடுப்பது நல்லது. நோய் முற்றி, மாத்திரையின் ஏற்ற இறக்கம் தாங்கமுடியாமல் போகிறவர்களுக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தித் தூண்டும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் 1987இல் தொடங்கிவைத்த முறை அது. பொதுவாக லெவோடோபாவுக்கு நன்றாகக் கட்டுப்படும் அறிகுறிகளே அதற்கும் கட்டுப்படும்.

லெவோடோபாவுக்குக் கட்டுப்படாதவை இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்வது இந்நோயை நேர்மையாகப் பேசுவதன் ஒரு பகுதி. தடுமாறி விழுதல், மலச்சிக்கல், எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரிவது, மனச்சோர்வு, பிற்காலத்தில் நினைவுக் குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் டோபமைனோடு முடியும் விஷயங்களாக இல்லை. அறிவும் புலன்களும் பாதிக்கப்படுவதில்லை என்று 1817இல் எழுதப்பட்டதை இன்று ஏற்க முடியாது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை உண்டு. நடுக்கம் நின்றால் நோய் அடங்கியது என்று நினைக்கும் வீட்டில்தான் இவை கேட்பாரின்றிக் கிடக்கும். நோயின் போக்கையே நிறுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆல்ஃபா சினுக்ளினைக் குறிவைத்த இரண்டு எதிர்ப்புரத மருந்துகள் 2022இல் வெளியான சோதனைகளில் முக்கிய இலக்கை எட்டவில்லை. ஆனால் 2023இல் வெளியான, 1,123 பேர் பங்கேற்ற ஆய்வு, தண்டுவட நீரில் அந்தப் புரதத்தின் தவறான மடிப்பைக் கண்டறியும் சோதனை நோயாளிகளில் ஏறத்தாழ 88 சதவீதத்தினரை அடையாளம் காட்டுவதை நிரூபித்தது. கை நடுங்கும் முன்னே நோயைப் பிடிக்கும் கருவி உருவாகிவருகிறது. மருந்து சோதனைகளும் இனி அந்தக் கட்டத்திலேயே தொடங்க முடியும்.

குணமாக்கும் மருந்து இல்லாதபோது முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்பது கடைசிக் கேள்வி. நோய்க்குறியே இல்லாத ஒருவரைத் தேடிப்பிடித்துச் சோதித்து, எதிர்காலத்தைச் சொல்லிக் கலங்கடிப்பதில் இன்றைக்குப் பயனில்லை. அது ஆய்வுக்கூடத்தின் வேலை. ஆனால் அறிகுறி தொடங்கியவரை அடையாளம் காண்பது வேறு. அவருக்கு அசைவைத் திருப்பித் தரும் மருந்து இருக்கிறது. உடற்பயிற்சி நடையையும் சமநிலையையும் மேம்படுத்தும் என்பதற்குச் சான்றுகள் குவிந்திருக்கின்றன. உடல் இன்னும் ஒத்துழைக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும். குரல் தேய்வதற்குப் பேச்சுப் பயிற்சியும், விழுவதைத் தடுக்க இயன்முறைப் பயிற்சியும், மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் தேவையானது ஒன்றுதான்: வீட்டில் ஒருவரின் ஒரு கை வீசாமல் நின்றுபோனதையும், கையெழுத்து சுருங்கியதையும், சட்டைப் பொத்தான் போட இரட்டிப்பு நேரம் ஆவதையும் வயதின் தலையில் கட்டாமல், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போவது. போகும்போது அவர் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.